ஒருசந்தியிலிருந்து எதிர்நோக்குக்கு: திருவருகைக் காலம் தமிழில் கடந்து வந்த வழி

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பழைய தட்டு ஒன்றைத் தேடி எடுப்பார்கள். அதில் சலித்த மண்ணைப் பரப்பி, ஒரு கைப்பிடி கேழ்வரகைத் தூவி, ஈரச் சாக்கால் மூடிவைப்பார்கள். மூன்றாம் நாள் வெள்ளை முனை தெரியும். பத்து நாளில் விரல் உயரத்துக்குப் பச்சை வந்துவிடும். 24ஆம் தேதி அது குடிலுக்குள் போய்ப் பெத்லகேமின் புல்வெளியாகிவிடும். பிந்தித் தூவினால் குடில் மொட்டையாக நிற்கும். முந்தித் தூவினால் பயிர் நீண்டு சாய்ந்து மஞ்சளாகிவிடும். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4ஆம் தேதி, புனித பார்பரா நாளில், இப்படிக் கோதுமையை முளைக்கவிடுகிறார்கள். அதற்காக, அங்கிருந்து இது இங்கே வந்தது என்று சொல்லத் தேவையில்லை. தானியம் விளைவிக்கிறவர்களுக்குக் காத்திருப்பைக் கண்ணால் காட்ட முளைப்பைவிட எளிய வழி வேறு இல்லை.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் இன்று 'திருவருகைக் காலம்' என்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன் அது 'ஆகமன காலம்'. பெயர் மாறிய அதே முப்பது நாற்பது ஆண்டுகளில்தான் இந்தக் காலத்தை அனுசரிக்கும் முறையும் மாறியது. வயிற்றால் காத்திருந்தவர்கள் கண்ணால் காத்திருக்கத் தொடங்கினார்கள். இந்த இரண்டு மாற்றங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே நடந்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோன்பும் தீர்ப்பும்

இந்தக் காலம் மகிழ்ச்சியில் பிறந்ததல்ல. 380இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் மூவரசர் திருநாள் வரை யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்றார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் நாள் தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு விதித்தார். 'மார்ட்டினின் நாற்பது நாள்' என்றே அதற்குப் பெயர் வந்தது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மாக்கோன் சங்கம் அதையே திங்கள், புதன், வெள்ளி என்று நாள் குறித்து உறுதிப்படுத்தியது.

ரோமாபுரியின் போக்கு வேறு. அங்கே இது பிறப்பு விழாவுக்கான முன்னேற்பாடு. நோன்பின் கடுமை அதில் இல்லை. திருத்தந்தை பெரிய கிரகோரியார் காலத்தையொட்டி அது நான்கு ஞாயிறாகச் சுருங்கியது. பிற்பாடு இரண்டு மரபும் கலந்தபோது வடக்கிலிருந்து ஊதா உடையும் கடைசித் தீர்ப்பின் அச்சமும் வந்து சேர்ந்தன. தெற்கிலிருந்து தொழுவத்தின் மகிழ்ச்சி வந்தது. மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிற உடை அணிவது அந்த ஒட்டுவேலையின் தையல் தெரியும் இடம். கேரளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் இந்த ரோமைக் கணக்குக்குள் வராமல், டிசம்பர் 1 முதல் 25 வரை 'இருபத்தஞ்சு நோம்பு' இருக்கிறார்கள். அங்கே பழைய வயிற்று மரபு இன்னும் உயிரோடு இருக்கிறது.

மூன்று கப்பல்கள்

தமிழகத்துக்கு இந்தக் காலம் ஒரே வடிவத்தில் வந்து சேரவில்லை.

1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் லுத்தரன்கள். அவர்களோடு ஞாயிறுவாரியான வேதபாட அட்டவணையும் பாட்டும் வந்தன. 1715இலேயே அங்கே தமிழ்ப் பாட்டுப் புத்தகம் அச்சாயிற்று. அந்த அட்டவணையில் வருகையின் முதல் ஞாயிற்றுக்கு வைத்த பாடம் இயேசு கழுதையேறி எருசலேமுக்குள் நுழைந்த கதை. குருத்தோலைக் கதையை டிசம்பர் வாசலில் கேட்பது மற்றச் சபையார் பலருக்கு விசித்திரமாகப் படும். லுத்தரனுக்கு அதுவே பொருத்தம்: வருகிறவர் குழந்தையாக மட்டும் வரவில்லை, ராஜாவாகவும் வருகிறார்.

சேலம் மாவட்டத்துக்கு 1827இல் ஹென்றி கிறிஸ்புடன் வந்தது லண்டன் மிஷன். அதன் பின்புலம் காங்கிரிகேஷனல் சபை. அவர்களுக்குத் திருவழிபாட்டு ஆண்டு என்பது பெரிதாக இல்லை. ஓய்வுநாளும் பிரசங்கமும் போதும். அதனால் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்த தர்மபுரி, பென்னாகரம் பக்கத்துப் புராட்டஸ்டண்டுகளுக்கு 'அட்வெந்து' என்னும் இந்தக் காலம் பூர்விகச் சொத்து அல்ல. அந்த மிஷன் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபைக்குள்ளும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள்ளும் சேர்ந்த பிறகு, ஆங்கிலிக்கன் பங்காளிகளோடு சேர்ந்து ஆண்டுச் சுழற்சியும் உள்ளே வந்தது. இன்று பலிபீடத்தருகே நான்கு மெழுகுவர்த்தி வைக்கும் சபையில், கொள்ளுத்தாத்தா காலத்தில் அப்படி ஒன்று இருந்ததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கத்தோலிக்கக் கப்பலே பழையது. 1648 வாக்கில் லியோனார்தோ சின்னமி தொடங்கிய சேசு சபையின் மைசூர் மிஷன், பென்னாகரம் அடங்கிய பாரமகால் பகுதியையும் தொட்டது. 1773இல் சேசு சபையே கலைக்கப்பட்டு, 1776இல் இப்பகுதி மிஷன் பாரிஸ் வேதபோதகச் சபையின் கைக்கு வந்தது. இடையில் மைசூர்ப் போர்கள். 1791 அக்டோபர் 31இல் கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை பென்னாகரம் கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஒப்பந்தத்தில் பாரமகால் கும்பினியிடம் போயிற்று. குருக்கள் ஒன்றிரண்டு பேர், ஊர்கள் நூற்றுக்கணக்கில். சாமியார் வரும் நாள் எப்போது என்று தெரியாமல் இருப்பது அன்றாட நிலை. செபம் சொல்லிக்கொடுத்து, மரித்தவரைப் புதைத்து, சாமியார் வந்தால் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆள் சேர்த்துவைத்தவர் உபதேசியார். அப்படிப்பட்டவர்களுக்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அவருடைய 'தேம்பாவணி' (1726) வளன் என்று பெயர் மாற்றிய சூசையப்பரைத் தலைவனாக்கியது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் காத்திருக்கும் பாத்திரம் அவர் ஒருவர்தான்.

மார்கழியின் ஒத்தாசை

பூசை லத்தீனில் நடந்தது. வருகைக் கால மன்றாட்டு என்ன சொல்கிறது என்று மக்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவை வேறு: சாமியாரின் ஊதா உடை, பீடத்தில் பூ இல்லாதது, 'வானவர் கீதம்' பாடாமல் விடுவது, ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்றால் நாளில் ஒரு வேளைச் சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு. 1917இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இந்தக் காலம் முழுவதற்கும் நோன்பு விதிக்கவில்லை. டிசம்பரில் ஒரு வாரத்தின் புதன், வெள்ளி, சனியும் கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாளும்தான் கடமை. ஆனால் சட்டத்தைவிட நெருக்கமாக வாழ்க்கையைத் தொட்டது இன்னொரு விதி: வருகைக் காலத்தில் ஆடம்பரமாகத் திருமணம் நடத்தக் கூடாது. திரெந்து சங்கம் உறுதிசெய்த பழைய வழக்கம் அது.

இதை ஐரோப்பியர் தங்கள் ஊரில் எவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்றினார்களோ தெரியாது. தமிழ்நாட்டில் சிரமமே இல்லை. அக்கம்பக்கத்தில் மார்கழியில் எவரும் கல்யாணம் வைப்பதில்லை. முதல் ஞாயிறு எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில், அதாவது கார்த்திகை நடுவில் வரும். டிசம்பர் 17இல் காலத்தின் குரல் மாறி, மாலைச் செபத்தில் மெசியாவை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் கூவியழைக்கும் ஏழு பழைய முன்மொழிகள் தொடங்கும். அன்றோ முந்தின நாளோ மார்கழி பிறந்திருக்கும். விடியலுக்கு முன் எழுவது, கோலம், பாவை பாட்டு என்று தெருவே விழித்திருக்கும் மாதத்தில், விழித்திருங்கள் என்று சொல்லும் சபைக்குத் தனியாக விளக்க வேலை இல்லை.

தமிழுக்குக் காத்திருப்பின் இலக்கணமும் புதிதல்ல. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் திரும்புவேன் என்ற தலைவனின் சொல்லை நம்பி ஆற்றியிருப்பது. முல்லையின் உணவு வரகும் சாமையும். பென்னாகரத்துக் காட்டோர மேட்டுநிலங்களில் சாமை விதைத்தவர்களுக்கு இது ஏட்டுத் திணை அல்ல. ஆனால் ஒப்புமையை ஒரு எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. முல்லைத் தலைவிக்குப் பருவம் சொல்லப்பட்டிருக்கிறது. மேகம் திரண்டும் வராவிட்டால் கேள்வி கேட்க அவளுக்கு உரிமை உண்டு. விவிலியத்தின் வருகைக்கு நாளும் நாழிகையும் சொல்லப்படவில்லை. அதனால் தேவைப்படுகிற மனநிலையும் வேறு.

சட்டம் விட்டதும் சொல் பிடித்ததும்

1963 டிசம்பர் 4, வருகைக் காலத்தின் முதல் வாரத்திலேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வெளியானது. அதன் வழியாகப் பூசை திருப்பலியாகித் தமிழுக்கு வந்தது. 1966 பிப்ரவரியில் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தைத் தளர்த்தி, உலக முழுவதற்குமான ஒருசந்தியை விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் நிறுத்தினார். டிசம்பர் நோன்பு சட்டப்படி மறைந்தது. 1969இல் வெளிவந்த புதிய நாள்காட்டி விதிகள் வருகைக் காலத்தின் இயல்பை மகிழ்ச்சியும் பக்தியும் கலந்த எதிர்பார்ப்பு என்று வரையறுத்தன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு வழக்கு ஒன்றில் ரோமாபுரி ஒருவழியாகத் தூர் நகரை வென்றது என்று சொல்லலாம்.

வயிறு காலியாக விட்ட இடத்தை நிரப்ப வந்தது மெழுகுவர்த்தி வளையம். 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளின் இல்லம் நடத்திய விகெர்ன் என்ற லுத்தரன் போதகர், பண்டிகை எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு நாளுக்கொன்றாக ஏற்றிய கதையிலிருந்து அது பிறந்தது. ஜெர்மானிய லுத்தரன் வழக்கம் ஒன்று கத்தோலிக்கப் பீடத்தருகே தமிழ்நாட்டில் நிற்பதைப் பார்த்தால் பழைய வேதக்காரர்கள் திகைத்திருப்பார்கள். எண்ணெய் விளக்கு, ஆரத்தி என்று 1969இலேயே இந்திய ஆயர்கள் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவை இருந்தும், வருகைக் காலத்துக்கு மட்டும் குத்துவிளக்கு பெரும்பாலும் வாசலோடு நின்றுவிட்டது. கார்த்திகை தீபத்தை ஒட்டி வரும் ஒரு காலத்துக்கு இது கைநழுவிய வாய்ப்பு.

இதற்கிடையே சொல்லும் நகர்ந்தது. பழைய ஞானோபதேசத்தில் மூன்று தேவ புண்ணியங்கள் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம். பழைய விவிலியப் பெயர்ப்பைப் படிக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கு முதலிரண்டும் இன்றும் அவைதான். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் விசுவாசத்தின் இடத்துக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டது. காலியான இடத்தில் 'எதிர்நோக்கு' வந்து அமர்ந்தது. இது வடசொல்லை விலக்கிய வேலை மட்டுமன்று. நம்பிக்கை என்ற சொல் ஒரே நேரத்தில் ஆளையும் நம்பும், நாளையும் நம்பும். அதில் நாளைப் பார்க்கும் பாதியைத் தனியாகப் பிரித்து எடுத்துப் பெயர் வைத்த பிறகுதான், இந்த நான்கு வாரத்தின் வேலை என்ன என்று தமிழில் ஒரே சொல்லில் சொல்ல முடிந்தது. 2025 யூபிலி ஆண்டில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற தலைப்பு பதாகைகளில் ஏறியபோது சொல் ஊருக்குப் பழகிவிட்டது.

பென்னாகரத்துக்கு எதிர்நோக்குதல் பழக்கமான வேலைதான். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டிக்கொண்டு ஓட, தாலுகாவின் ஊர்கள் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைத் தண்ணீரைக் குடித்துப் பல் மஞ்சளாகி, மூட்டு இறுகிக் கிடந்தன. ஜப்பான் கடனில் 1,928 கோடி ரூபாய் மதிப்பிட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் சுற்றில் மூன்றாம் ஞாயிற்றின் முதல் வாசகம் எசாயா 35ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது: வறண்ட நிலம் பூத்து மகிழ்வதும், தளர்ந்த முழங்கால்கள் திடப்படுவதும். இந்த ஊரில் அதை உருவகமாக மட்டும் கேட்பது கடினம்.

நான்காம் ஞாயிற்றுக்கு உரிய பழைய லத்தீன் வருகைப் பாட்டும் எசாயாவிலிருந்தே எடுத்தது. வானம் பனியாய்ப் பொழியவேண்டும் என்ற 45ஆம் அதிகார மன்றாட்டு. ஆல்ப்ஸ் பக்கத்தில் விடியலுக்கு முன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இதற்கென்று தனிப் பூசையே உண்டு. அதே நேரத்தில் இங்கே கேழ்வரகு அறுத்த காட்டில் ஊடுபயிரான அவரையும் துவரையும் மழை போன பிறகு, மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் மார்கழிப் பனியையும் நம்பிப் பூத்து நிற்கும். காலையில் கொடியைத் தொட்டால் முழங்கை வரை நனையும்.

1930இல் சேலம் மறைமாவட்டமும் அதிலிருந்து 1997இல் தர்மபுரி மறைமாவட்டமும் பிரிந்த பின் சாமியாருக்காகக் காத்திருந்த காலம் போய்விட்டது. இப்போது சிக்கல் வேறு. டிசம்பரில் சபைகள் சேர்ந்து நடத்தும் கீத ஆராதனைகளில் வளையத்தின் முதல் மெழுகுவர்த்திக்கு 'நம்பிக்கை' என்று பெயரிட்டால், தென்னிந்தியத் திருச்சபைக்காரர் இனி வரப்போவதை நினைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கும் கத்தோலிக்கர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டதை நினைத்துக்கொள்வார். திரி ஒன்றுதான். இருவரும் 'ஆமென்' சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்.