தாது வருஷமும் என் ஆய்வேடும்

1976-ல் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வேடு ஒன்று எழுதவேண்டும். தாது வருஷப் பஞ்சத்துக்கு அது சரியாக நூறாவது ஆண்டு. நானோ சேலத்துக்காரன். தலைப்புக்கு அலையவில்லை. எந்த முறையில் ஆராய்வது என்பதில்தான் சிக்கல்.

என் அம்மாயிக்கு அப்போது எண்பது தாண்டிவிட்டது. பஞ்சத்தின்போது அவருடைய தாயார் பத்து வயதுப் பெண். எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் பொறுக்கியது, கற்றாழைக் கிழங்கை வேகவைத்துத் தின்றது எல்லாம் அம்மாயி தாயார் வாயால் கேட்டவர். தம்பியைக் கஞ்சித் தொட்டியில் உட்காரவைத்துவிட்டு ரோட்டு வேலைக்குப் போன குடும்பம், திரும்பி வந்தபோது பிள்ளையைக் காணவில்லை. அந்தத் தாயார் சாகும்வரை, களி கிண்டினால் முதல் உருண்டையைத் தனியே எடுத்து வைப்பாராம்.

ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பெரியவர்களைக் கேட்டு எழுதுகிறேன் என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் சொன்னேன். ஆப்பிரிக்காவில் யான் வான்சினா வாய்மொழி மரபை வைத்து வரலாறு எழுதியதை நூலகத்தில் படித்திருந்த தைரியம். "நூறு வருஷம் கழிச்சு ஒரு பாட்டி சொல்றது சான்றாகுமா? அன்னைக்கே எழுதி வெச்சதைக் கொண்டு வாங்க" என்றார். அன்றைக்கு எந்த வரலாற்றுத் துறையிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். எனக்கும் மதிப்பெண் பயம்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஆவணக் காப்பகம். பெயர் மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. பழைய ஆட்கள் 'ரெக்கார்ட் ஆபீஸ்' என்றே சொல்வார்கள். ரெவின்யூ போர்டு நடவடிக்கைத் தொகுதிகளைத் திறந்தால் தாள் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். பென்சிலால்தான் குறிப்பு எடுத்தேன்.

அங்கே கிடைத்ததும் சாதாரணமல்ல. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் சுமக்கவேண்டும். மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இது உயிர் தாங்காது என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். அந்த ஆண்டே கூலி கூட்டப்பட்டது. கார்னிஷ் மட்டும் கடுதாசி எழுதாமல் இருந்திருந்தால் இந்த வழக்கே நமக்குத் தெரிந்திராது. பாட்டிகள் இதைச் சொல்லியிருக்க முடியாது.

அன்றைய சேலம் மாவட்ட மக்கள்தொகை 1871-ல் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881-ல் சுமார் 16 லட்சம். இதை அட்டவணையாகப் போட்டேன். இறந்தவர், ஓடிப்போனவர், பிறக்காமலே போனவர் எல்லாரும் அந்த வித்தியாசத்துக்குள் அடக்கம். அம்மாயி சொன்ன தம்பியும் அதற்குள்தான் எங்கோ இருக்கவேண்டும். முகாம் பட்டியல்களில் தலைகளின் எண்ணிக்கை இருந்தது; நான் பார்த்தவரை பெயர் இல்லை.

ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அம்மாயியின் கதைக்கு அதில் அடிக்குறிப்பில்கூட இடம் கொடுக்கவில்லை.

1978-ல் அம்மாயி போய்ச் சேர்ந்தார். வேலைக்கு வந்தபின் ஒரு டேப்ரெக்கார்டர் வாங்கிக்கொண்டு, விடுமுறைகளில் ஊர்ப்பக்கம் சுற்றினேன். தாது வருஷக் கும்மி இரண்டொன்று கிடைத்தது. நேரில் பட்டவர்களிடம் கேட்டு வளர்ந்த தலைமுறை அநேகமாக முடிந்திருந்தது.

அந்தத் தம்பியின் பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்தார். "சின்னவன், சின்னவன்னுதான் அம்மா சொல்லும். நீ அப்பவே கேட்டிருக்கலாம்ல" என்றார்.