விழுந்தவரின் நாடி

1827-இல் டப்ளின் மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ், 68 வயது சுங்க அதிகாரி ஒருவரின் நோயை விவரித்து எழுதினார். ஏழு ஆண்டுகளில் ஏறக்குறைய இருபது முறை நினைவு தப்பி விழுந்தவர் அவர். இப்படி விழுந்தால் மூளையில்தான் கோளாறு என்று அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். ஆனால் இவருக்கு ஒருமுறைகூடக் கைகால் விளங்காமல் போனதில்லை. நாடி மட்டும் நிமிடத்துக்கு 30 அளவிலேயே துடித்தது. குற்றவாளி இதயம்தான் என்றார் ஆடம்ஸ். 1846-இல் அதே ஊர் மருத்துவர் வில்லியம் ஸ்டோக்ஸ் இதை மேலும் உறுதிப்படுத்தினார்.

மயக்கத்தைக் கண்டறிவதில் பெரிய தொல்லை, மருத்துவர் வந்து சேர்வதற்குள் நோயாளி தெளிந்துவிடுவதுதான்.

ஹாலந்தின் லெய்டன் நகரில் உடலியலாளர் ஐந்தோவன் உருவாக்கிய, இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் இசிஜி கருவி சுமார் 270 கிலோ எடை. நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார வேண்டும். இதயத்துக்குள் மின்துடிப்பு தடைபடுவது அந்தப் பதிவில் கண்ணுக்குத் தெரிந்தது. 1961-இல் அமெரிக்கர் நார்மன் ஹோல்டர், உடலில் மாட்டிக்கொண்டே நடமாடக்கூடிய பதிவுக் கருவியைப் பற்றி எழுதினார்; மயங்கும் நேரத்தையும் அதில் பிடிக்க முடிந்தது.

எல்லா மயக்கமும் இதயக் கோளாறு அல்ல. ரத்தத்தைப் பார்த்தோ, வெக்கையில் நெடுநேரம் நின்றோ விழுபவர்களே அதிகம். 1932-இல் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதை ஆராய்ந்தார். அட்ரோபின் மருந்து கொடுத்து நாடியை ஏற்றினாலும் ரத்த அழுத்தம் மீளவில்லை. ரத்தக்குழாய்கள் திடீரென விரிவதே முக்கியக் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1986-இல் இதே லண்டனில், நோயாளியைச் சாய்வு மேசையில் கட்டி நிமிர்த்தி, மயக்கத்தை மருத்துவர் கண்முன்னே வரவழைக்கும் சோதனை அறிமுகமானது.

இதய மயக்கத்துக்கு அதற்குள் சிகிச்சையும் பிறந்திருந்தது. 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில், நாளுக்கு இருபது முறைக்கு மேல் மயங்கிக்கொண்டிருந்த 43 வயது ஆர்னே லார்சனின் உடலுக்குள், இதயத்தைத் தூண்டித் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்தினார் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் அதைப் பிசினில் வார்க்க அச்சாகப் பயன்படுத்தியது ஷூ பாலிஷ் டப்பா. அந்தக் கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்சனோ அடுத்தடுத்து 20-க்கும் மேற்பட்ட கருவிகளோடு 86 வயது வரை வாழ்ந்தார்.

இன்றும் பரிசோதனை கேள்விகளில்தான் தொடங்குகிறது: எந்த நிலையில் விழுந்தார், முன்னதாக வியர்த்ததா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அடுத்து படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஓர் இசிஜி. ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கியவர்களும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர்களும் தாமதிக்காமல் இதயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். விழுந்ததை நேரில் பார்த்தவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.