வாடகையை வாங்க மறுத்த வீட்டுக்காரர்

வாடகை தராத குடித்தனக்காரர் மேல் வீட்டுக்காரர் வழக்குப் போடுவது புரிகிறது. கொண்டுவந்து நீட்டிய வாடகையை "வேண்டாம், எடுத்துட்டுப் போங்க" என்று ஒருவர் ஏன் திருப்பி அனுப்பணும்? தமிழ்நாட்டின் பழைய வாடகை வழக்குத் தீர்ப்புகளைப் புரட்டினால் இந்த விசித்திரம் அடிக்கடி கண்ணில் படும்.

காரணம் 1960-ஆம் ஆண்டின் கட்டிடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். அதன்படி, "எனக்குப் பிடிக்கல, காலி பண்ணு" என்று சொல்ல முடியாது. சட்டம் எழுதி வைத்த காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். அதில் சுலபமானது, வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது. ஆள் ஒழுங்காக வாடகை கட்டுகிறவராக இருந்தால்? ரெண்டு மாசம் வாங்காமல் விட்டால் பாக்கி தானாக உருவாகிவிடும்!

சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. எட்டாவது பிரிவு சொல்வது: வாடகைக்கு ரசீது கேட்பது குடியிருப்பவரின் உரிமை. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், எந்த வங்கியில் கட்டட்டும் என்று எழுதிக் கேட்கலாம். பதில் இல்லையா, மணியார்டர் அனுப்பலாம். அதையும் திருப்பினால் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கட்டலாம். மணியார்டர் கமிஷனை வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம் என்றுகூட போட்டிருக்கிறது. அதைச் சேர்த்தவர் வாடகை வீட்டில் அவதிப்பட்டவராகத்தான் இருக்கணும் என்பது என் ஊகம்.

'வேண்டுமென்றே' என்றால் என்ன என்பது தனிச் சண்டை. வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்து ரெண்டு மாசமாகியும் கட்டாவிட்டால் வேண்டுமென்றே என்று கொள்ளலாம் என 1973 திருத்தம் விளக்கம் கொடுத்தது. அந்த விளக்கத்துக்கே விளக்கம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சுந்தரம் பிள்ளை எதிர் பட்டாபிராமன் வழக்கில் 1985-ல் தீர்ப்பு வந்தது. இப்படி நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால் தப்பிக்க வழியில்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள்.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? யுத்தத்திலிருந்து. முதல் உலகப் போரில் கிளாஸ்கோ நகரத்துக்கு ஆயுதத் தொழிலாளர்கள் குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னே நின்று 1915-ல் வாடகை கொடுக்காப் போராட்டம் நடத்த, அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டன் வாடகையைச் சட்டம் போட்டு உறைய வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னை மாகாணத்திலும் அதே கதை. 1941-ல் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை, போர் முடிந்ததும் 1946-ல் சட்டம், 1949-ல் இன்னொன்று, பிறகு 1960. தற்காலிகம் என்று போட்ட பந்தல் கல்மண்டபம் ஆகிவிட்டது.

1960 சட்டத்தை இன்றைய ஆறு வீட்டு அடுக்குமாடியை மனசில் வைத்துக்கொண்டு படித்தால் நிறையவே பழகின விஷயங்கள். அதே கட்டிடத்தில் குடியிருக்கும் மற்றவர்களுக்குத் தொல்லை கொடுப்பது காலி செய்ய ஒரு காரணம். ஆனால் தொல்லை கொடுக்கிறார் என்று வீட்டுக்காரரே தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், 17-ஆவது பிரிவு அவர் மேலேயே பாயும். வீடு காலியானால் ஏழு நாளுக்குள் அரசுக்குத் தகவல் சொல்லணும், அரசு அதைத் தன் ஊழியருக்கு எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பயந்து காலியானதை வெளியே சொல்லாமல் அடுத்த ஆளைக் குடிவைத்தவர்கள் உண்டு. எழுத்தில் எதுவும் வேண்டாம் என்ற நம்ம ஊர்ப் பழக்கத்துக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குடியிருப்பவருக்கும் காகிதம் இல்லாதது பெரிய குறையில்லை. வாய்ப்பேச்சில் குடி வந்தவருக்கும் பாதுகாப்பு இருந்தது.

எல்லா ஊரிலும் இல்லை என்பதுதான் நம்ம பக்கத்துக் கதை. சட்டம் சென்னை, மதுரை, நகராட்சிகள் என்று பட்டியல் போட்டுவிட்டு, மற்ற இடங்களுக்கு அரசு தனியாக அறிவித்தால்தான் உண்டு என்று நிறுத்திக்கொண்டது. கோவில்பட்டி நகராட்சி. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கழுகுமலை பேரூராட்சி. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் ரெண்டு குடும்பங்கள், ஒரே வாடகை, ஒரே மாதிரி வளவு வீடு. ஆனால் கோவில்பட்டிக் குடும்பத்தைக் காலி செய்யக் காரணம் காட்டணும். அறிவிப்பு வராத ஊரில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். மாத வாடகை வீட்டுக்கு 15 நாள் நோட்டீஸ், காரணம் தேவையில்லை. அங்கே ஏழைக்கு ஒரே அரண், நோட்டீஸில் வரும் தேதிப் பிழை! குடித்தன மாதம் முடியும் நாளோடு நோட்டீஸ் கெடுவும் முடியணும். நாள் தவறினால் வழக்கு விழும். 2002 கடைசியில் வந்த திருத்தம் அந்த ஓட்டையையும் அடைத்தது.

இப்போது 2017 சட்டம். 22 பிப்ரவரி 2019-ல் நடைமுறைக்கு வந்து 1960 சட்டத்தை ரத்து செய்தது. இது நகர்ப்புறங்களுக்கு, தமிழ்நாட்டில் பேரூராட்சியும் நகர்ப்புற உள்ளாட்சிதான். வாடகை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதியணும்.

பழுது யார் செலவு என்பதற்கு அட்டவணை இருக்கிறது. கட்டுமானப் பழுது வீட்டுக்காரர் தலையில், குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் தலையில். கரிசல் மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. மழைக்கு ஊதி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண் அது. அஸ்திவாரம் சரியில்லாத வீட்டில் சுவர் விரிசல் விடும். "நீ ஆணி அடிச்சதாலதான்" என்று அட்வான்ஸில் பிடிப்பது இங்கே பழைய வழக்கம். விரிசல் ஆணியைச் சுற்றி நிற்கிறதா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதி விடை தெரியும்.

என்னை உறுத்துவது 21-ஆவது பிரிவு. எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதையே காலி செய்ய ஒரு காரணமாக வைத்திருக்கிறது. இருபது வருஷமாக வாய்ப்பேச்சில் ஒழுங்காக வாடகை கொடுத்துவரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் அன்றைக்கு வாடகையை வாங்காமல் விட்டார், இன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் விட்டால் போதும். எதிர்மருந்து நாலாவது பிரிவில் கொஞ்சம் இருக்கிறது: இருவரும் சேர்ந்து ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்யாவிட்டால் தனித்தனியாக விவரம் கொடுக்கச் சொல்கிறது. மணியார்டர் அனுப்பி ரசீதை டப்பாவில் போட்டு வைத்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். "அண்ணாச்சி, ஒப்பந்தம் எழுதிடுவோமா?" என்று கேட்ட கடிதத்தின் நகல், அஞ்சல் ரசீது, மாதாமாதம் வங்கியில் வாடகை போட்ட கணக்கு, இவ்வளவும் அந்த டப்பாவில் இருக்கணும். மோட்டர் கரண்டுப் பில்லை ஆறு வீடும் எப்படிப் பிரிப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்; சின்னக் குடியிருப்பில் முதல் சண்டை அநேகமாக அங்கேதான் ஆரம்பிக்கும்.