கல் கல்லாக ஊர் சுற்றிய கோட்டை

பள்ளிப் பாடத்தில் பாஸ்டில் சிறைக்கு ஒரே ஒரு நாள்தான் ஆயுள்: பிரெஞ்சுப் புரட்சியில் மக்கள் அதைத் தாக்கிப் பிடித்த 1789 ஜூலை 14. புதுச்சேரியில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அன்று அந்தக் கோட்டைக்கு வயது நானூறைத் தாண்டியிருந்தது. அதன் பயணம் தொடங்கியதோ அதற்குப் பிறகுதான்.

முதலில் அது சிறையே அல்ல. நூறாண்டுப் போரின்போது ஆங்கிலேயர் பாரிஸுக்குள் நுழையாமல் தடுக்க, ஐந்தாம் சார்லஸ் மன்னர் காலத்தில், 1370இல், நகரின் கிழக்கு வாசலில் அடிக்கல் போட்டார்கள். எட்டுக் கோபுரங்கள், சுமார் 24 மீட்டர் உயரம். காவல் கோட்டை எதையும் குறிக்கும் 'பாஸ்டில்' என்ற பொதுப்பெயர், நாளடைவில் இந்த ஒன்றுக்கே சொந்தமாகிவிட்டது.

பதினேழாம் நூற்றாண்டில் கார்டினல் ரிஷெலியூ அதை அரசாங்கச் சிறையாக்கினார். வழக்கு, விசாரணை எதுவும் வேண்டாம். மன்னரின் முத்திரையிட்ட கடிதம் ஒன்று போதும். 1717இல் இளம் எழுத்தாளர் வோல்தேர் பதினொரு மாதம் உள்ளே இருந்தார். நம் கரையோடு தொடர்புள்ள இருவரும் அங்கே அடைபட்டார்கள். 1746இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயோடு பிணங்கி, 1748இல் பாஸ்டிலுக்குப் போனார். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1751 ஆனது. 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, பழியைத் துடைக்கத் தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார். அவருக்குக் கிடைத்ததும் பாஸ்டில்தான். 1766இல் அவர் தலையை வெட்டினார்கள்.

1789இல் பாரிஸ் மக்கள் கூட்டம் கோட்டைக்கு வந்தது முக்கியமாக வெடிமருந்துக்காக. உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர்.

அந்த ஏழு பேரை வைத்து மட்டும் பாஸ்டில் உலகப் பெயர் வாங்கியிருக்காது. பலுவா என்ற கட்டட ஒப்பந்தக்காரர் குறுக்கே வந்தார். கோட்டை விழுந்த சூட்டோடு ஆட்களை இறக்கி இடிக்கத் தொடங்கினார். கற்களை வீணாக்கவில்லை. கோட்டையின் குட்டி மாதிரிகள் செய்து பிரான்சின் 83 மாவட்டங்களுக்கும் அனுப்பினார். சங்கிலி இரும்பைப் பதக்கங்களாக்கினார். கோட்டைக் கல்லிலேயே செதுக்கிய மாதிரி ஒன்று பாரிஸின் கார்னவாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வியாபாரி என்று அவரை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பாரிஸையே பார்த்திராத கிராமத்து ஜனங்களின் கண்முன் அந்தக் கொடுஞ்சிறையைக் கொண்டுபோய் வைத்தவர் அவர். மிச்சக் கற்களில் ஒரு பங்கு சேன் ஆற்றின் கொங்கோர்ட் பாலத்துக்குப் போனது. 1791 முதல் ஜனங்கள் அதன்மேல் நடக்கிறார்கள்.

சாவி கடல் தாண்டியது. அரை கிலோ கனமுள்ள கோட்டையின் இரும்புச் சாவியைப் பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத், எழுத்தாளர் தாமஸ் பெயினிடம் கொடுத்தார். அது கைமாறி 1790இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சேர்ந்தது. மவுன்ட் வெர்னனில் அவர் வீட்டு நடுக்கூடத்தில் இன்றும் தொங்குகிறது.

காலியான இடத்தில் நெப்போலியன் வெண்கல யானை வைக்க ஆசைப்பட்டார். வந்தது சாந்தில் செய்த மாதிரி மட்டுமே. அது எலிகளுக்கு வீடாகி, 1846இல் இடிபட்டது. 'லே மிசராப்ல' நாவலில் அதன் வயிற்றுக்குள்தான் தெருச் சிறுவன் காவ்ரோஷைத் தூங்க வைத்தார் விக்தர் யூகோ.

1899இல் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டியபோது ஒரு கோபுரத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. அதைப் பெயர்த்து அருகிலுள்ள ஒரு பூங்காவில் வைத்தார்கள். பாரிஸ் போக வாய்த்தால் பாஸ்டில் நிலையத்தில் 5ஆம் எண் மெட்ரோ நடைமேடையையும் பாருங்கள். பழைய கோட்டைச் சுவரின் ஒரு துண்டு இன்னும் அங்கேயே இருக்கிறது.