அன்ரனி காணாத காயங்கள்

ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்த எங்களில் பலர் சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' நாடகத்தோடு நாட்கணக்காக வாழ்ந்தவர்கள். சீசரின் உடலருகே அன்ரனி ஆற்றும் உரையைப் பாடமாக்கி, பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களும் எம்மிடையே உண்டு. அந்த உரையின் பின்னால் இருக்கும் வரலாறு நாடகத்தைவிட விசித்திரமானது.

நாடகம் 1599 இல் லண்டனில் மேடையேறியது. சேக்ஸ்பியருக்குக் கைகொடுத்தது, கிரேக்க ஆசிரியர் புளூட்டாக்கின் வாழ்க்கை வரலாறுகளுக்கு தோமஸ் நோர்த் 1579 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. பெரும்பாலும் அதனை ஒட்டியே நடந்தவர், சில இடங்களில் விலகினார். அந்த இடங்கள்தாம் சுவையானவை. புரூட்டஸைத் தூண்டிய கடிதங்களை எடுத்துக்கொள்வோம். அவனது நீதி ஆசனத்தில் இரவிரவாக ஊரார் எழுதி வைத்தவை அவை என்கிறார் புளூட்டாக். நாடகத்திலோ கசியஸ் ஒருவனே பல கையெழுத்துகளில் எழுதி யன்னலால் எறியச் செய்கிறான். உரோமாபுரியே தன்னை அழைக்கிறது என்று புரூட்டஸ் நம்பிவிடுகிறான். பணத்துக்கு மசியாதவனை வளைக்க அவனுடைய கடமையுணர்வே போதுமாயிற்று.

கல்பூர்னியா பாவம். கெட்ட கனவு கண்டு, இன்று போகவேண்டாம் என்று தடுத்தாள், சீசரும் இணங்கினான். பின்பு வந்த டெசிமஸ் புரூட்டஸ், முடி தரச் சபை காத்திருப்பதாக ஆசை காட்டி, மனைவியின் கனவுக்காக நிற்பதா என்று பரிகாசமும் செய்து கூட்டிப்போனான். அந்த வீட்டில் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் குத்தப்பட்டபோது அன்ரனி மண்டபத்தினுள் இல்லை. சதிகாரருள் ஒருவன் அவனைப் பேச்சுக் கொடுத்து வெளியே நிறுத்திவைத்தான். நாடகத்திலும் அவன் அருகில் இல்லை. ஆயினும் இரத்தம் தோய்ந்த மேலாடையை விரித்து, இது கசியஸின் கத்தி போன இடம், இது காஸ்காவினது, இது புரூட்டஸினது என்று பெயர் பெயராகக் காட்டுகிறான். காணாதவன் எப்படி அறிவான் என்று சனத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

வைத்தியத்துறைக்கு வந்த எங்களுக்கு இவ்விடத்தில் அன்ரிஸ்ரியஸ் என்ற வைத்தியர் நினைவுக்கு வருகிறார். 23 காயங்களுள் மார்பில் விழுந்த இரண்டாவது ஒன்றே உயிரைக் கொண்டுபோனது என்பது அவர் முடிவு. இதனைப் பதிந்தவர் உரோம ஆசிரியர் சூட்டோனியஸ். புரூட்டஸ் குத்தியதோ தொடையிடுக்கில் என்கிறார் புளூட்டாக். அப்படியானால், எல்லாவற்றிலும் கொடியது என அன்ரனி காட்டிய காயம் சீசரைக் கொன்ற காயமன்று.

சூட்டோனியஸைக் கேட்டால் நெடிய உரையே இல்லை. சீசருக்குச் சபை வழங்கிய மரியாதைகளையும், அவனைக் காப்பதாக உறுப்பினர் செய்த சத்தியத்தையும் கட்டியகாரன் வாசிக்க, அன்ரனி மிகச் சில சொற்களே சேர்த்தானாம். எங்களுக்கு இதுவே நாடகத்தைவிடப் பயங்கரமாகப் படுகிறது. பொய் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. காப்பதாகச் சத்தியம் செய்தவர்களே கொன்றார்கள் என்பதைச் சனம் தானே கூட்டிப் பார்த்துக்கொண்டது.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போது, 100 பேரில் 90 பேர் பிழைப்பர் என்றும் சொல்லலாம். 10 பேர் இறப்பர் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. நாம் எதைச் சொல்கிறோமோ அந்தப் பக்கம் நோயாளி சாய்வதை வார்ட்டில் காண்கிறோம். இரண்டையும் சொல்லிவிட்டுச் சற்றுப் பேசாமல் இருப்பதுதான் கடினம்.

சடங்கு முடிந்ததும் சனம் சதிகாரரின் வீடுகளைத் தேடி ஓடியது. வழியில் அகப்பட்டவர் கவிஞர் சின்னா, சீசரின் நண்பர். அதே பெயருடைய வேறொருவன் சீசரைப் பழித்துப் பேசியிருந்தான். பெயரைக் கேட்டதும் கொன்றுவிட்டார்கள். அன்று சின்னாவுக்குக் காய்ச்சல் என்றும், நண்பனுக்குக் கடைசி மரியாதை செய்யவே எழுந்து வந்தார் என்றும் புளூட்டாக் எழுதியிருக்கிறார்.