‘ஃபாஸ்ட்லி’ ஏன் இல்லை? ஆங்கில வினையடையின் கதை



தமிழ்ப் பாடத்தில் ‘ஆன’ என்று முடிந்தால் பெயரடை, ‘ஆக’ என்று முடிந்தால் வினையடை என்று படித்திருப்பீர்கள். வேகமான ஓட்டம், வேகமாக ஓடினான். இதே கணக்கை ஆங்கிலத்துக்கும் போட்டு, ‘ஆக’ வரும் இடத்திலெல்லாம் ‘லி’ சேர்த்துவிடுகிறோம். ‘குவிக்லி’, ‘ஸ்லோலி’ வரைக்கும் சரி. ‘ஹீ ரேன் ஃபாஸ்ட்லி’ என்று எழுதும்போது மதிப்பெண் போய்விடுகிறது. “சார், இதுக்கு மட்டும் ஏன் லி இல்ல?” என்று பிள்ளைங்க கேட்டால், “அது விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ” என்போம். உண்மையில் அதற்குக் காரணம் உண்டு. அது ஆயிரம் ஆண்டுப் பழசு.

ஏறக்குறைய 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில், பெயரடையின் கடைசியில் ‘எ’ ஒலியைச் சேர்த்தால் அது வினையடை. ‘ஃபாஸ்ட்’ பெயரடை, ‘ஃபாஸ்டெ’ வினையடை. (அப்போது அதற்கு ‘உறுதியாக’ என்றுதான் பொருள், வேகம் பிறகு வந்து சேர்ந்தது.) ‘ஹார்ட்’ என்ற சொல்லும் அப்படியே.

‘லி’ எங்கிருந்து வந்தது? ‘லீச்’ என்றால் உடல். இன்றும் இங்கிலாந்தில் தேவாலய வாசலில் பிணத்தை இறக்கி வைக்கும் கூரை வாயிலுக்கு ‘லிச்-கேட்’ என்றுதான் பெயர். நண்பனின் உருவம் கொண்டது, நண்பனைப் போன்றது என்ற பொருளில் பிறந்ததே ‘ஃபிரெண்ட்லி’. ஆகவே ‘லி’ முதலில் பெயரடை விகுதி! அதன்மேல் ‘எ’ சேர்ந்த பிறகுதான் வினையடை ஆனது.

14, 15ஆம் நூற்றாண்டுகளில் சொல் இறுதி ‘எ’ பேச்சில் தேய்ந்து மறைந்தது. ஃபாஸ்ட், ஹார்ட் இரண்டுக்கும் பெயரடை, வினையடை என்ற வேறுபாடே இல்லாமல் போயிற்று. வேறுபாட்டைக் காட்ட ஏதாவது வேண்டுமே, மற்ற சொற்களில் ‘லி’ அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு மொழியில் இதே வேலையைச் செய்யும் ‘மான்’ விகுதி, மனம் என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்முடைய ‘ஆக’வோ ‘ஆகு’ என்ற வினையின் பிள்ளை. உடல், மனம், ஆதல்: மூன்று மொழிக்கு மூன்று வழி.

‘லி’ இல்லாத வினையடைகள் 18ஆம் நூற்றாண்டிலும் தாராளமாகப் புழங்கின. 1762இல் ராபர்ட் லோத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல் அவற்றில் சிலவற்றைப் பிழை என்றது. 1795இல் வந்த லிண்ட்லி மரேயின் பள்ளி இலக்கணம் அந்தப் பார்வையை வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. என் கருத்தில், ‘டிரைவ் ஸ்லோ’ என்பதைத் தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை, பேச்சில் இருக்கட்டும். தேர்வுத் தாளில் மட்டும் ‘ஸ்லோலி’ எழுதுங்கள், வம்பு வேண்டாம்.

அதிகம் தடுக்கி விழவைப்பது ‘ஹார்ட்லி’. ஒரு காலத்தில் அதற்கும் ‘கடுமையாக’ என்றே பொருள். கடுமையாக என்பது ‘சிரமப்பட்டு’ என்று மாறி, அது இன்னும் தேய்ந்து, ‘செய்ததே இல்லை என்னலாம்’ என்ற அளவுக்கு வந்துவிட்டது. அப்பா கடுமையாக உழைத்தார் என்று நினைத்து, ‘மை ஃபாதர் ஹார்ட்லி வொர்க்ட்’ என்று கட்டுரையில் எழுதினால், அப்பா வேலையே பார்க்கவில்லை என்று ஆகிவிடும். ‘வொர்க்ட் ஹார்ட்’ என்று எழுதுங்கள்.

‘ஃபிரெண்ட்லி’ பெயரடையாகவே நின்றுவிட்டதால், அதன்மேல் இன்னொரு ‘லி’ ஒட்டாது. ‘அன்பாகப் பேசினார்’ என்பதற்கு ‘ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் போக வேண்டும். ‘லவ்லி’க்கும் இதே வழிதான்.