முகமூடிச் சொற்கள்

சுடுகாட்டை நன்காடு என்கிறோம். செத்தாரைத் துஞ்சினார் என்கிறோம். மங்கல வழக்கு என்று மாணவர்க்கு அதனைக் கற்பிக்கிறோம். துயருற்றார் நெஞ்சைப் புண்படுத்தாத பண்பு அது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், புண்ணை ஆற்றாது மூடி மறைக்கவும் இனிய சொல் பயன்பட்டதுண்டே! அதற்குச் சான்று, அமெரிக்க நாட்டு அரசியல் சட்டம்.

மனிதர் யாவரும் சமம் என்று 1776இல் முழங்கிய நாடு அது. 1787இல் பிலடெல்பியா நகரிலே கூடிச் சட்டம் வகுத்தனர் அறிஞர் பெருமக்கள். அதிலே 'அடிமை' எனும் சொல்லைத் தேடிப் பாருங்கள், தோழர்களே! கிடைக்காது. 'ஏனைய ஆட்கள்' என்பது ஓரிடம். 'ஊழியத்துக்குக் கட்டுப்பட்ட ஆள்' என்பது மற்றோரிடம். மனிதனை உடைமையாகக் கொள்ளும் கருத்தைச் சட்டத்தில் ஏற்பது தவறென்றார் மாடிசன். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர்!

சொல்லுக்கு நாணினர், செயலுக்கு நாணினரா? பிரதிநிதிகளின் தொகையைக் கணக்கிட, ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினர். தப்பியோடியவரை உடையவனிடமே ஒப்படைக்க விதி செய்தனர். ஆள் இறக்குமதியை 1808 வரை காங்கிரஸ் தடுக்கலாகாது என்றனர். சொல் மறைந்தது, சங்கிலி மறையவில்லை. 1860இல் அந்நாட்டு அடிமைகள் ஏறத்தாழ 40 இலட்சம்!

முகமூடியைக் கிழித்தவர்கள் யார்? 1831இல் பாஸ்டன் நகரில் 'லிபரேட்டர்' எனும் வார ஏட்டைத் தொடங்கினார் காரிசன். அடிமை முறையை ஆள் திருட்டு என்றே எழுதினார். நடை கடுமை என்றனர் பலர். அவர் நடையை மாற்றவில்லை. 1835இல் வெறிக்கூட்டம் அவரைக் கயிற்றால் கட்டித் தெருவில் இழுத்தது. அடிமைத் தளையினின்று தப்பிய பிரெடரிக் டக்ளஸ், 1845இல் தம் வரலாற்றை வெளியிட்டார். எசமானர்களின் பெயரையும் மறைக்கவில்லை. அதனால் பிடிபடும் ஆபத்து நேர்ந்தது. கடல் கடந்து பிரிட்டன் சென்றார். உண்மையை உள்ள பெயரால் சொல்வதற்கு அவர்கள் தந்த விலை அது!

உள்நாட்டுப் போரில் குருதி ஆறாய் ஓடிய பின், 1865இல் 13ஆம் திருத்தம் நிறைவேறியது. 'அடிமைத்தனம்' எனும் சொல் அரசியல் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றது அப்போதுதான். எதற்காக? அதனை ஒழிப்பதற்காக! ஒளித்து வைத்த நாளெல்லாம் வாழ்ந்த கொடுமை, பெயர் சொல்லி அழைத்த நாளில் வீழ்ந்தது.

நோயின் பெயரைக் கூற அஞ்சும் மருத்துவன் நோயை ஓட்டுவானோ? துயருற்றாரிடம் மென்சொல் பேசுவோம், அது பண்பு. கொடுமையைக் கொடுமை என்றே சொல்வோம்; அது கடமை.